சுவருக்குள் மடங்கும் கட்டில்: உங்கள் வீட்டு கெஸ்ட் ரூமுக்கு ஒத்துவருமா?

சென்னையிலோ கோவையிலோ 2 பிஹெச்கே வீட்டில் இருப்பவர்களிடம் இரண்டாவது படுக்கையறை எதற்கு என்று கேட்டால், "அது கெஸ்ட் ரூம்" என்பார்கள். கதவைத் திறந்து பார்த்தால் கதை வேறு. ஒரு மூலையில் வொர்க் ஃப்ரம் ஹோம் மேசை, இன்னொரு மூலையில் துணி காயும் ஸ்டாண்டு, சுருட்டி வைத்த யோகா மேட், பிரிக்காத அட்டைப்பெட்டிகள். நடுவில் ஜம்மென்று ஒரு கட்டில். அதில் ஆள் படுப்பது வருடத்தில் சில வாரங்கள்தான். மற்ற நாட்களில் அது துவைத்த துணியைக் கொட்டி வைக்கும் மேடை.

அந்தக் கட்டிலை அப்படியே தூக்கிச் சுவரோடு சாத்திவிட்டால் எப்படி இருக்கும்? ரீல்ஸில் அடிக்கடி வரும் 'வால் பெட்' வீடியோக்கள் இந்த ஆசையைத்தான் கிளப்புகின்றன. அலமாரி மாதிரி ஒன்று, கைப்பிடியை இழுத்தால் மெத்தையோடு கட்டில் இறங்குகிறது. தள்ளினால் மறுபடி அலமாரி. 15 விநாடி வீடியோவில் எல்லாமே சுலபம்தான். நிஜத்தில், இந்தக் கட்டில் உங்கள் வீட்டுக்குச் சரிவருமா என்பதை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன. ஒன்று, அந்த அறையை யார் எந்த நேரத்தில் பயன்படுத்துகிறார்கள் என்பது. இன்னொன்று, அந்தச் சுவர் எதனால் கட்டப்பட்டது என்பது.

இது எப்போது வந்தது?

சுவரில் மடங்கும் கட்டிலுக்கு உலகம் முழுக்க 'மர்ஃபி பெட்' என்று பெயர். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒற்றை அறை வீட்டில் குடியிருந்த வில்லியம் லாரன்ஸ் மர்ஃபி என்பவர் 1900களின் தொடக்கத்தில் இதை உருவாக்கிக் காப்புரிமை பெற்றார். அவர் காதலித்த பெண்ணை வீட்டுக்கு அழைக்க ஆசை, ஆனால் கட்டில் கிடக்கும் அறைக்குள் ஒரு பெண் வருவதை அந்தக் காலத்து ஊர் ஒப்புக்கொள்ளாது, அதனால் கட்டிலையே மறைத்தார் என்றொரு கதையும் உண்டு. அந்தப் பெயர் எவ்வளவு பரவியது என்றால், 'மர்ஃபி பெட்' என்பது இனி யாருக்கும் தனிச் சொந்தமான பிராண்டு அல்ல, பொதுச்சொல்தான் என்று 1989இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று சொல்லிவிட்டது.

மர்ஃபிக்கு முன்பே, 1885இல், சிகாகோவில் ஃபர்னிச்சர் கடை நடத்திய சாரா குட் என்ற கறுப்பினப் பெண், மடக்கினால் எழுதும் மேசையாகிவிடும் கட்டிலுக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். சின்ன வீடுகளில் குடியிருந்தவர்கள்தான் அவருடைய வாடிக்கையாளர்கள். ஆக, படுக்கையும் வேலை மேசையும் ஒரே இடத்தில் என்ற நம் பிரச்சினைக்கு 140 வயதாகிறது.

நமக்கும் இது புதிதில்லை. கூடத்தில் பத்துப் பேர் பாய் விரித்துப் படுத்து, விடிந்ததும் பாயைச் சுருட்டி மூலையில் சாத்திவிட்டு, அதே இடத்தில் இலை போட்டுச் சாப்பிட்ட வீடுகள்தான் நம்முடையவை. மல்டி பர்ப்பஸ் ரூம் என்று தனியாகப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

எவ்வளவு இடம் மிச்சமாகும்?

10 அடிக்கு 10 அடி அறையை எடுத்துக்கொள்வோம். குயின் சைஸ் மெத்தை 78 அங்குல நீளம், 60 அங்குல அகலம். அதாவது ஆறரை அடிக்கு 5 அடி. 100 சதுர அடி அறையில் முப்பத்திரண்டரை சதுர அடியை அது மட்டுமே எடுத்துக்கொள்ளும். அதே அளவு கட்டிலைச் செங்குத்தாக மடக்கினால், பெட்டியின் ஆழம் சுமார் ஒன்றரை அடி, அகலம் ஐந்தரை அடிக்குக் கொஞ்சம் உள்ளே. தரையில் 8 சதுர அடிதான் போகும். மிச்சம் கிட்டத்தட்ட 24 சதுர அடி. சதுர அடிக்கு 8,000 ரூபாய் கொடுத்து வாங்கிய வீடு என்றால், சுமார் 1.9 லட்சம் ரூபாய் மதிப்புள்ள தரை உங்களுக்குத் திரும்பக் கிடைக்கிறது.

இப்போது இன்னொரு பக்கத்தையும் பார்ப்போம். கட்டில், மெத்தை, ஹார்ட்வேர், கூலி எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 12 இரவுதான் விருந்தினர் தங்குகிறார்கள், கட்டில் 10 வருடம் உழைக்கிறது என்றால் மொத்தம் 120 இரவு. ஓர் இரவுக்கு 833 ரூபாய். வாசல் ஓரத்தில் நிற்கும் மடக்கு மெத்தை ஒன்று இதைவிட எத்தனையோ மடங்கு மலிவு. ஆகவே, விருந்தாளிக்காக மட்டும் வால் பெட் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. மீதி 353 நாளும் அந்த 24 சதுர அடியில் உங்களுக்கு உருப்படியான வேலை இருந்தால்தான் கணக்கு நேராகும்.

அறைக்கு ஒரு டைம்டேபிள் போடுங்கள்

டேப் எடுத்து அளப்பதற்கு முன்பு ஒரு பேப்பர் எடுத்து, அந்த அறையில் காலை 6 மணி முதல் இரவு 12 வரை என்ன நடக்கிறது என்று எழுதிப் பாருங்கள். வால் பெட் மிச்சப்படுத்துவது பகல் நேரத்து இடத்தை. தூங்கும் நேரமும் வேலை நேரமும் ஒன்றோடொன்று மோதாத வரை அது அருமையான ஏற்பாடு. மோதினால்?

வார இறுதிக்கு வரும் நண்பர், பரீட்சை எழுத வரும் தம்பி, இவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. காலையில் எழுந்து அவர்களே கட்டிலைத் தூக்கிவிட்டு வெளியே கிளம்பிவிடுவார்கள். ஆனால் நம் வீடுகளில் கெஸ்ட் என்றால் பெரும்பாலும் யார்? ஊரிலிருந்து வரும் அப்பா அம்மா. குழந்தை பிறந்தால் மூன்று மாதம், முழங்கால் ஆபரேஷன் என்றால் இரண்டு மாதம், கோடை விடுமுறைக்கு ஒரு மாதம். அவர்களுக்கு மத்தியானம் சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் சாய வேண்டும். நீங்களோ அதே அறையில் 2 மணிக்கு கிளையண்ட் காலில் இருப்பீர்கள். கட்டில் சுவருக்குள் இருக்கிறது. அதை இறக்கினால் உங்கள் நாற்காலிக்கு இடமில்லை.

அம்மா என்ன சொல்வார்? "பரவாயில்லப்பா, நான் ஹால்ல சோபாவுல சாஞ்சுக்கறேன், நீ வேலையப் பாரு." அவ்வளவுதான், சண்டை எல்லாம் வராது. ஆனால் காலை 9 மணிக்கு 'மகன் கட்டிலை மடிக்கணுமே' என்று அவசரமாக எழுந்து போர்வையை மடிக்கிறவருக்கு, இது தன் வீடும்தான் என்ற நினைப்பு எவ்வளவு நாள் இருக்கும்? இந்தக் கட்டிலில் உண்மையில் பணயம் வைக்கப்படுவது அதுதான். பெற்றோர் நீண்ட நாள் தங்குவார்கள் என்றால், அந்த நாட்களில் கட்டில் இறங்கியே இருக்கும், மேசை வேறு அறைக்குப் போகும் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். அதற்கு வேறு அறையில் இடமே இல்லை என்றால், வால் பெட்டை விட டிவான் உத்தமம். பகலில் உட்காரலாம், சாயலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை.

வயதானவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். கட்டிலை இறக்கிய பிறகு மெத்தையின் மேல்மட்டம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து பாருங்கள். மெல்லிய மெத்தையோடு வரும் வால் பெட்கள் சில தாழ்வாக இருக்கும். முழங்கால் வலி உள்ளவர் அதிலிருந்து எழுந்திருக்கத் திண்டாடுவார். அவர் இப்போது ஊரில் படுக்கும் கட்டிலின் உயரத்தை போனில் கேட்டு வாங்கி, அதையே அளவாக வையுங்கள். அடுத்து, இரவில் பாத்ரூம் போகும் வழி. செங்குத்தாக மடங்கும் குயின் கட்டிலை இறக்கினால் சுவரிலிருந்து ஏழேகால் அடி நீட்டிக்கொண்டிருக்கும். 10 அடி அறையில் மிஞ்சுவது இரண்டேமுக்கால் அடி. அதில் உங்கள் மேசையும் நாற்காலியும் நின்றால், இருட்டில் நடக்க வழி ஏது?

நிற்பதா, படுப்பதா?

வால் பெட் இரண்டு விதமாக மடங்கும். கால்மாட்டைப் பிடித்துத் தூக்கினால் நெட்டுக்குத்தாக நிற்பது ஒரு வகை. பக்கவாட்டில், அதாவது நீளவாக்கில் மடங்குவது இன்னொரு வகை. வெளிநாட்டு வீடியோக்களில் பெரும்பாலும் முதல் வகைதான் வரும். நம் வீடுகளில் அதற்கு ஒரு வில்லன் உண்டு: லாஃப்ட். 7 அடி உயரத்தில் கான்கிரீட் பரண் போட்டிருக்கும் சுவரில், 7 அடிக்கு மேல் உயரமுள்ள பெட்டி எப்படி நிற்கும்? லாஃப்ட் இல்லாத சுவரில் ஜன்னல் இருக்கும், அல்லது ஏசி இருக்கும், அல்லது கதவு அந்தப் பக்கம்தான் திறக்கும்.

ஒருவர் மட்டும் படுக்க என்றால், 75க்கு 36 அங்குல மெத்தையோடு பக்கவாட்டில் மடங்கும் கட்டில் இந்தத் தொல்லைகளில் பலவற்றிலிருந்து தப்பிவிடும். மூடிய நிலையில் உயரம் மூன்றரை அடிதான். லாஃப்ட்டுக்குக் கீழே நிற்கும், அதன் மேல்பலகையில் புத்தகம் வைக்கலாம். இறக்கினாலும் அறைக்குள் மூன்றரை அடிதான் நீளும். என்னைக் கேட்டால் 10 அடி அறைக்கு இதுவே பொருத்தம். தம்பதியாக வரும் விருந்தினருக்கு ஒருவர் கீழே மெத்தை போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும், அது உண்மைதான்.

இன்னொரு சின்ன விஷயம்: ஸ்விட்ச் போர்டு. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த பிளக் பாயிண்ட் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டால், விருந்தாளி மொபைலை சார்ஜ் போட ஹாலுக்குத்தான் வர வேண்டும். எலெக்ட்ரீஷியன் வேலையை முதலில் முடித்துவிட்டுத் தச்சரைக் கூப்பிடுங்கள்.

சுவரைத் தட்டிப் பாருங்கள்

சாதாரணக் கட்டில் தன் எடையைத் தரையில் இறக்கி வைத்திருக்கிறது. வால் பெட்டும் முழுசாக இறங்கி, கால்கள் தரையைத் தொட்டுவிட்டால் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆபத்தான நேரம் நடுவில்தான். கட்டில் பாதிக்கு மேல் இறங்கி, கால் இன்னும் தரையைத் தொடாத அந்தச் சில விநாடிகளில், மொத்தப் பெட்டியும் முன்பக்கம் சாயப் பார்க்கும். பீரோவின் எல்லா இழுப்பறைகளையும் ஒரே நேரத்தில் இழுத்துவிட்டால் அது முன்னால் சாயுமே, அதே கதை. அதைப் பிடித்து வைத்திருப்பது மேலே சுவரில் முடுக்கிய போல்ட்டுகள் மட்டுமே.

இது சும்மா பயமுறுத்தல் இல்லை. அமெரிக்காவில் 2018இல் ஒரு வால் பெட் 79 வயது மூதாட்டியின் மேல் விழுந்து, அந்தக் காயத்தால் அவர் இறந்துபோனார். 2022இல் அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அறிவித்த ரீகாலில், அதே நிறுவனத்தின் சுமார் 1,29,000 வால் பெட்கள் திரும்பப் பெறப்பட்டன. சுவரில் சரியாகப் பொருத்தாவிட்டால் கட்டில் கழன்று விழலாம் என்பதுதான் அப்போது சொன்ன காரணம்.

நம் ஊர்ச் சுவர்களில் 9 அங்குலச் செங்கல் சுவர் இதற்கு நல்ல சுவர். நாலரை அங்குலத் தடுப்புச் சுவர் என்றால் யோசிக்க வேண்டும். புது அபார்ட்மெண்ட்களில் பரவலாக இருக்கும் ஏஏசி பிளாக், அதாவது லைட் வெயிட் பிளாக் சுவரில், காலண்டர் மாட்டுகிற மாதிரி சாதாரண பிளாஸ்டிக் பிளக் அடித்துக் கட்டிலைத் தொங்கவிடவே கூடாது. அந்தக் கல் இலேசானது, உள்ளே காற்றறைகள் நிறைந்தது. அதற்கென்று இருக்கும் ஆங்கர் அல்லது கெமிக்கல் ஆங்கர் போட வேண்டும். அல்லது எடையைத் தரைக்கும் இரண்டு பக்கத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் இரும்பு ஃபிரேம் அடித்துக்கொள்ள வேண்டும். அலுமினிய ஃபார்ம்வொர்க்கில் வார்த்த கான்கிரீட் சுவர்கள் உறுதியானவை. ஆனால் கட்டடத்தையே தாங்கும் சுவர் அது, உள்ளே கம்பியும் வயர் பைப்பும் ஓடும். எங்கே துளையிடலாம் என்று பில்டரிடமோ அசோசியேஷனிடமோ கேட்காமல் டிரில்லைத் தொடாதீர்கள். ஜிப்சம் போர்டு தடுப்பு என்றால் பேச்சே வேண்டாம்.

எந்தச் சுவர் என்று தெரியவில்லையா? பழைய ஆணித் துளை ஒன்றைக் கிளறிப் பாருங்கள். செங்கல் என்றால் சிவப்புத் தூள் வரும், ஏஏசி என்றால் சாம்பல் கலந்த வெள்ளைத் தூள் சுலபமாகக் கொட்டும், கான்கிரீட் என்றால் கிளறவே வராது.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு, ஓனர் எழுத்தில் சம்மதம் தராத வரை இது வேண்டாம் என்றுதான் சொல்வேன். 11 மாத ஒப்பந்தம் முடிந்து கட்டிலைக் கழற்றினால் சுவரில் துளைகள் மிஞ்சும், புது வீட்டுச் சுவர் எப்படி இருக்குமோ தெரியாது. சுவரில் மாட்டாமல் சும்மா நிறுத்தி வைக்கலாம் என்று யாராவது சொன்னால், மேலே சொன்ன மூதாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்.

மெத்தையை மாற்றினால் என்ன ஆகும்?

கட்டிலைத் தூக்கும்போது இலேசாக இருப்பதற்குக் காரணம் இரண்டு பக்கமும் இருக்கும் கேஸ் சிலிண்டர்கள். கார் டிக்கியைத் திறந்தால் தானாக மேலே போய் நிற்கிறதே, அதே தொழில்நுட்பம். நம்மூரில் எல்லாவற்றையும் 'ஹைட்ராலிக்' என்று சொல்வார்கள், உள்ளே அழுத்தத்தில் இருப்பது எண்ணெய் அல்ல, வாயு. சில வகைகளில் இதற்குப் பதிலாக ஸ்பிரிங் இருக்கும்.

இந்தச் சிலிண்டர் குறிப்பிட்ட எடைக்குத்தான் பொருந்தும். குயின் சைஸில் 6 அங்குல ஃபோம் மெத்தை, ஒரு கன மீட்டருக்கு 32 கிலோ அடர்த்தி என்றால், சுமார் 15 கிலோ எடை. அதே அளவில் 90 கிலோ அடர்த்தியுள்ள தேங்காய்நார் மெத்தை என்றால் 41 கிலோ. 18 மி.மீ. பிளைவுட் பலகையும் சட்டமும் ஒரு 45 கிலோ என்று வையுங்கள். எடையின் மையம் நடுவில் இருப்பதால், கால்மாட்டைப் பிடித்துத் தூக்குகிறவர் கைக்கு மொத்தத்தில் பாதி வரும். ஃபோம் என்றால் 30 கிலோ, நார் மெத்தை என்றால் 43 கிலோ. ஃபோமுக்காகப் போட்ட சிலிண்டர் அந்த 30ஐத்தான் சமாளிக்கும். "முதுகுவலிக்கு நார் மெத்தைதான் நல்லது" என்று யாரோ சொல்லி நீங்கள் மெத்தையை மாற்றினால், மீதி 13 கிலோவை நீங்களே தூக்க வேண்டும். தூக்குவதைவிட இறக்கும்போதுதான் வம்பு, கட்டில் மெதுவாக இறங்காமல் தொப்பென்று வரும். தலைகீழாக, கனமான மெத்தைக்காகப் போட்ட சிலிண்டரில் இலேசான மெத்தை போட்டால் கட்டில் கீழே படியாமல் எழும்பப் பார்க்கும்.

அதனால் மெத்தையை முதலில் முடிவு செய்து, எடை போட்டு, அதைச் சொல்லிச் சிலிண்டர் வாங்க வேண்டும். சிலிண்டர் மேல் நியூட்டன் கணக்கில் ஓர் எண் அச்சாகியிருக்கும். அதை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சில வருடங்களில் வாயு குறையும்போது அதே எண்ணில் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் கட்டில் கோணலாக ஏறும்.

மழைக்கால வாசனை

வால் பெட் குளிர் நாடுகளில் பிறந்த பொருள். நம் ஊரில் ஆள் படுத்து எழுந்ததும் மெத்தையில் வியர்வை ஈரம் இருக்கும். அப்படியே மடித்து மூடினால், நவம்பர் மாதத்தில் பெட்டியைத் திறக்கும்போது பூஞ்சை வாடைதான் வரவேற்கும். எழுந்து ஒரு மணி நேரம் ஃபேன் போட்டு ஆறவிட்டு மடக்குங்கள். மெத்தைக்கு அடியில் முழுப் பலகைக்குப் பதில் இடைவெளி விட்ட சட்டங்கள் இருந்தால் காற்று போகும். மழையில் ஓதம் ஏறும் சுவரில் இதை வைக்காதீர்கள். மரத்துக்கும் கேடு, போல்ட்டும் துருப்பிடிக்கும். ஈரப்பதம் அதிகமுள்ள கடலோர ஊர்களில் ஐஎஸ் 710 முத்திரையுள்ள பிளைவுட் கேட்டு வாங்குவது நல்லது, பார்ட்டிகிள் போர்டு தாங்காது.

பணத்தை முழுசாகக் கொடுப்பதற்கு முன்

எஸ்டிமேட் வாங்கும்போது ஹார்ட்வேர், மரவேலை, சுவரில் பொருத்தும் வேலை என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். மூன்றாவதை "அது சும்மா நாலு ஸ்க்ரூ சார்" என்று ஒருவர் சொன்னால், வேறு ஆளைப் பாருங்கள்.

கட்டில் பொருத்தியதும் மெத்தை, பெட்ஷீட் எல்லாம் போட்டு சோதிக்க வேண்டும், வெறும் பலகையை ஏற்றி இறக்கிக் காட்டுவதில் அர்த்தமில்லை. பாதி வழியில் பிடியைத் தளர்த்திப் பாருங்கள், மெல்ல இறங்க வேண்டும், விழக்கூடாது. மேலே போனதும் 'டக்' என்று லாக் விழுகிறதா, அந்த லாக் சின்னக் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறதா, கீல் பக்கத்தில் விரல் மாட்டும் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தச்சர் தூக்கிக் காட்டினால் போதாது. வீட்டில் இதைத் தினமும் தூக்கப்போகிறவர் யாரோ, அவரைக் கூப்பிட்டு ஐந்து முறை ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். மூன்றாவது முறையே மூச்சு வாங்கினால் சிலிண்டரை மாற்றித் தரச் சொல்லிவிட்டு, கடைசித் தவணையைக் கையிலேயே வைத்திருங்கள்.